கற்பூரத் தைலத்தைத் தொடாதே

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நான் நலமாகத்தான் இருக்கிறேன், அதை எழுதத்தான் கை கூசுகிறது. பத்து நாளாக நாள் தவறாமல் போன் செய்து, நான் அனுப்பிய கற்பூரத் தைலத்தைக் குழந்தைக்குத் தேய்க்காதே என்கிறேன். நீயும், "என்னம்மா, உங்க மருந்து மேல உங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சா, உலகம் அழியப் போகுதா" என்று சிரித்துவிட்டு, சரி என்கிறாய். அது என் வாயை அடைக்கச் சொல்லும் சரி. காரணம் தெரிந்தால்தான் நீ கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் எனக்கு வந்த காய்ச்சலோடு என் மூக்கும் போய்விட்டது. எந்த வாசனையும் தெரிவதில்லை. அடுப்பில் பால் கருகி, பக்கத்து வீட்டு போஸ்ட்மேன் வந்து கதவைத் தட்டிய அன்றே எனக்குப் புரிந்தது. ஏதோ படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மளிகைக்காரர் எல்லார் முன்னாலும் "உங்க மூக்குக்கு முன்னாடி என் தராசே கைகட்டி நிக்கும்மா" என்று சொல்கிறவர், அவரிடம் இதை எப்படிச் சொல்வேன். அவர் நீட்டிய மிளகை மோந்து பார்ப்பதுபோல் பார்த்து, பழசு என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

தைலம் காய்ச்சும் முறை உனக்குத் தெரியும். கற்பூரவள்ளி இலைக்கு எண்ணிக்கை உண்டு, இஞ்சிச் சாற்றுக்குக் கரண்டிக் கணக்கு உண்டு, எண்ணெயை அளவுக் குவளையில் கண் மட்டத்துக்குப் பிடித்துத்தான் ஊற்றுவேன். கற்பூரத்துக்கு மட்டும் நான் அளவு வைத்ததே இல்லை. இறக்கி வைத்த எண்ணெயில் பொடித்துப் போட்டுக்கொண்டே மோந்து பார்ப்பேன், வாசனை சுள்ளென்று ஏறியதும் நிறுத்திவிடுவேன். இந்தத் தடவை அது ஏறவே இல்லை. மட்டமான கற்பூரத்தை நம் தலையில் கட்டிவிட்டார் என்று மளிகைக்காரரைத் திட்டிக்கொண்டே டப்பா காலியாகும் வரை போட்டேன். கண்ணில் நீர் வந்தது, இஞ்சி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். ஐந்து சீசாவில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, இரண்டை உனக்கு அனுப்பினேன், ஒன்றைக் கீழ் வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்தேன். அவள் குழந்தைக்குப் பத்து மாதம், நாலு நாளாக இருமல். அவள் மாடி ஏறி வந்து, "மூடியைத் திறந்தாலே கண்ணு எரியுதும்மா, பிள்ளைக்குத் தாங்குமா" என்று கேட்டாள். மருந்து என்றால் காரம் இருக்கத்தான் செய்யும், மூன்று வேளையும் மாரிலும் முதுகிலும் நன்றாகத் தேய் என்று அதட்டி அனுப்பினேன். அவள் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை.

மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அவள் தூக்கிக்கொண்டு ஓடினாள். கற்பூரம் மிஞ்சினால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரும் என்று எனக்குத் தெரியும். நான் செய்த முதல் காரியம், மீதியிருந்த இரண்டு சீசாவையும் கொட்டி, பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவியது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை மேல் என்ன தேய்த்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். தையல்காரி என்னை ஒரு தடவை பார்த்தாள், பிறகு, "தெருவுல வித்துக்கிட்டு வந்தவன்கிட்ட வாங்கினேன், என்ன போட்டான்னு தெரியலீங்க" என்றாள். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "பெத்தா மட்டும் போதுமா, கொஞ்சமாவது யோசிக்க வேணாமா" என்று டாக்டரம்மா அவளைத் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்புச் செய்தவள் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் எனக்குப் பதினொரு வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் போய்ச் சொன்னேன். கற்பூரம், ஒரு டப்பா முழுவதும், காய்ச்சியது நான் என்று. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "மூளைக்காய்ச்சலோன்னு நேத்து சாயங்காலம் முதுகுத்தண்டுல ஊசி குத்தி நீர் எடுத்தோம், நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா அந்த ஊசியே வேண்டியிருந்திருக்காது" என்று மட்டும் சொன்னார். பத்து மாதக் குழந்தையின் முதுகு எவ்வளவு இருக்கும் என்று உனக்கே தெரியும்.

ஆறாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வலிப்பு இல்லை, ஆனால் ஒரு வருஷம் கவனித்துப் பார்க்க வேண்டுமாம். தைக்கக் கொடுத்திருந்த என் துணியைத் தைக்காமலே மடித்து என் வாசலில் வைத்திருந்தாள். நானே இறங்கிப் போனேன். தைலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ்வளவு பேர் முன்னாடி நான் திட்டு வாங்கினப்போ பேசாம நின்னீங்களேம்மா" என்றாள். நான் மாடி ஏறி வந்துவிட்டேன்.

அந்த இரண்டு சீசாவையும் இன்றே குழந்தையின் கைக்கு எட்டாதபடி கட்டி எறிந்துவிடு. ஒரு தடவை தேய்த்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். இருமல் என்றால் இனிமேல் அவரைக் கேள், என்னைக் கேட்காதே. உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம், கடவுள் குழந்தைக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒன்றை மறந்துவிடாதே. மாப்பிள்ளை காரணம் கேட்டால், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா