முன்னால் போடும் இரண்டு

பிப்ரவரி 2
கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருடமாகச் சோதனைக்குழாய் கழுவுகிறேன். லெட் நைட்ரேட்டில் பொட்டாசியம் அயோடைடு விழுந்தால் மஞ்சளாக வீழ்படிவு இறங்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதையே சமன்பாடாக எழுதச் சொன்னால் தலை சுற்றுகிறது. ஆய்வக உதவியாளர் தேர்வு இருபத்திரண்டாம் தேதி. இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றுக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

பிப்ரவரி 5
இடப்பக்கம் அயோடின் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. பொட்டாசியம் அயோடைடின், அதாவது KI-யின், காலடியில் குட்டியாக ஒரு 2 போட்டேன். நைட்ரேட் இடித்தது, வலப்பக்கம் அதன் காலடியிலும் ஒரு குட்டி 2. கணக்கு நேராகிவிட்டது! பள்ளியில் வேதியியல் எடுக்கும் நாத்தனாரிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.
“அண்ணி, அப்படி ஒரு பொருளே உலகத்துல இல்ல. சின்ன நம்பரத் தொடாதீங்க. முன்னாடி போடுங்க.”
முன்னால் போட்டால் என்ன, காலடியில் போட்டால் என்ன? இரண்டு இரண்டுதானே?

பிப்ரவரி 9
ஒன்றும் ஏறவில்லை.

பிப்ரவரி 12
நாத்தனாரிடம் கத்திவிட்டேன். “ஏறலன்னா ஏறல, விடு!” அவள் பேசாமல் எழுந்து போனாள். இவர் வேறு, “இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?” என்கிறார். சுருக்கென்றது. வேண்டாத வேலையா? கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கே, அது யார் கண்ணிலாவது பட்டுதா?

பிப்ரவரி 16
செய்முறை வகுப்பில் கரைசல் மிஞ்சியது. இரண்டும் ஒரே செறிவு. லெட் ஒரு குழாய், அயோடைடு ஒரு குழாய் கலந்து வடிகட்டினேன். தெளிந்த நீரில் மேலும் அயோடைடு விட்டால் — மறுபடி மஞ்சள்! இன்னொரு குழாய் முழுதும் போன பிறகுதான் அடங்கியது. அதற்கு ஒரு குழாய், இதற்கு இரண்டு. முன்னால் போடும் இரண்டு இதுதானா? எத்தனை பங்கு என்பதா? அப்படியானால் காலடி எண்ணை மாற்றினால் பொருளே வேறு. ஐயோ, இவ்வளவுதானா?
நாத்தனாரிடம் சொன்னேன். “எங்க பிள்ளைங்களுக்கு நான்கூட இப்படிக் காட்டினதில்ல அண்ணி” என்றாள். பேசிவிட்டாள். அதுவே போதும்.

பிப்ரவரி 22
தேர்வு. லெட் வரவில்லை, பாவிகள். கால்சியம் குளோரைடும் சோடியம் பாஸ்பேட்டும். கை தானாகக் காலடிக்கு இறங்கியது, இழுத்துப் பிடித்தேன். முன்னால் மூன்று, இரண்டு. வலப்பக்க உப்புக்கு ஆறு — ஆறுதான் போட்டேனா? வெளியே வந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது.

மார்ச் 30
காலையில் பழக்கதோஷம், நேரே தொட்டிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். துறைத்தலைவர் ரசாயன அலமாரியின் சாவியை நீட்டினார். “அங்க என்னம்மா பண்றீங்க? இனிமே உங்க இடம் இது.”
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மதிய வகுப்புக்கு லெட் நைட்ரேட் ஒரு புட்டி எடுத்து வைத்தேன். அயோடைடு இரண்டு.