எண்ணெய் எந்த வழியாகப் போனது

ஜூலை 3, 2024 - புதன்

போலீஸ் ஸ்டேஷன்ல பைக்கைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து என் மெக்கானிக் ஷெட்டில் இறக்கினேன். முன் ஃபோர்க் வளைந்து கிடக்கிறது. எஞ்சின் மட்டும் அப்படியே இருக்கு. நான் கட்டின எஞ்சின். பிஸ்டனைப் பெரிசாக்கி, ஹெட் கடைந்து, மூணு வாரம் சோறு தண்ணி பார்க்காமல் கட்டினது. அறுநூறு கிலோமீட்டர்கூட ஓடல.

வெள்ளிமலை ஏத்தத்தில் மூணாவது கொண்டை ஊசி வளைவு. பின் டயர் முழுக்க எண்ணெய், வழுக்கிடுச்சு. வெற்றிவேலுக்கு வலது கால் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியிலிருந்து நேரா நைனார்பாளையம், அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டார். கட்டின பொண்டாட்டி நான் இங்க கள்ளக்குறிச்சியில இருக்கேன்.

"நீ கட்டினதுதான ஒழுகுச்சு." கடைசியா அவர் என்கிட்ட பேசினது இதுதான்.

எங்க ஒழுகுச்சு? அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது.

ஜூலை 5

டீசல் போட்டுக் கழுவி, காத்தடிச்சுக் காயவைத்து, எஞ்சின் முழுக்க என் முகப்பவுடரைத் தூவினேன். கசிந்தால் அந்த இடம் நனைந்து காட்டிக்கொடுக்கும். இருபது நிமிஷம் ஓடவிட்டேன். ஹெட் காய்ந்திருக்கிறது. செயின் பக்கம் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீலும் காய்ந்திருக்கிறது. அதைத்தான் சந்தேகப்பட்டேன். மாட்டும்போது கோணிக்கிச்சு, எடுத்துப்போட்டு வேற புதுசு மாட்டினேன். மாட்டினேனா? மாட்டினேன்.

ஜூலை 9

நைனார்பாளையம் போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். ராஜாம்பாள் அத்தை தண்ணி கொடுத்தாங்க. பொம்பளைக்கு எதுக்கு ஸ்பானர்னு பக்கத்து வூட்டம்மாகிட்ட, என் காதுல விழறமாதிரி சொன்னாங்க. கல்யாணத்தப்போ இதே அத்தைதான் எம்மருமவ மெக்கானிக்குன்னு ஊரெல்லாம் பீத்திக்கினாங்க.

ஜூலை 11

ரிப்பேருக்கு ரெண்டு வண்டி வந்தது. முடியாதுன்னு அனுப்பிட்டேன். முறுக்கின போல்ட்டையே திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்க்கறேன்.

ஜூலை 14 - ஞாயிறு

மறுபடி பவுடர். இன்றைக்கு ஆக்சிலரேட்டரை முழுசா முறுக்கினேன், மலை ஏறுகிற மாதிரி. ஒரு இடத்திலும் கசிவில்லை. ஆனால் பிரீதர் குழாய் துப்புது! எஞ்சின் மூச்சுவிடுகிற குழாய் அது. முனை பின் டயருக்கு முன்னால் தொங்கும். உள்ளே எண்ணெய் ஜாஸ்தியானால்தான் அது இப்படித் துப்பும்.

எண்ணெயை இறக்கி அளந்தேன். நான் ஊற்றினது ஒரு லிட்டர். கொட்டினதுபோக இன்னும் ஒன்னேகால் இருக்கு.

எந்த வழியா வெளிய போச்சுன்னு தேடினேனே, உள்ள எவ்ளோ இருக்குன்னு பார்த்தேனா? என் தப்புன்னே முடிவுகட்டிக்கினு தேடியிருக்கேன். முட்டாள்.

குழாயை அங்க தொங்கவிட்டது நான்தான். எல்லாரும் அங்கதான் விடறாங்க. அதை மட்டும் சொல்லட்டும், ஒத்துக்கறேன்.

ஜூலை 15

அன்னிக்கு அவர் பின்னாலயே தன் வண்டியில போனவன் அவரோட சிநேகிதப் பையன் ஆகாஷ். ஷெட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல்ல ஒன்னும் தெரியாதுன்னான். அளந்து வைத்த எண்ணெயைக் காட்டினேன். அழுதுட்டான்.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினாங்களாம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி, எஞ்சின்ல எண்ணெய் அளவு பார்க்கற கண்ணாடியில் எண்ணெயே தெரியல. புது எஞ்சின், எண்ணெய் பார்த்துக்கங்கன்னு நான் சொல்லி அனுப்பியிருந்தேன். உடனே அரை லிட்டர் வாங்கி ஊற்றியிருக்கார். நிமிர்த்திப் பாருண்ணான்னு இவன் சொல்ல, அவர் கேட்கல.

அதுக்கப்புறம் சொன்னான் பாரு, அதான் என்னைக் கொன்னுச்சு. "ஆஸ்பத்திரியிலயே அண்ணனுக்குத் தெரியும் அண்ணி. உங்ககிட்ட சொல்லாதன்னு கையைப் புடிச்சுக்கினாரு."

ஜூலை 16

போனேன். அத்தை கொல்லைப் பக்கம் இருந்தாங்க. உங்களுக்குத் தெரியுமான்னு அவர்கிட்ட கேட்டேன்.

"தெரியும்."

அப்புறம் இன்னாத்துக்கு என்மேல போட்டீங்க?

போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினார். "நானே பண்ணிக்கினேன்னா என்னால தாங்க முடியாது செல்வி. நீ தாங்குவன்னு நெனச்சேன்."

ஆறு வருஷம் கூட வாழ்ந்தவர். நான் தாங்குவேன்னு நெனச்சாராம். பஸ்ஸில் எல்லார் எதிரிலும் வாய்விட்டு அழுதேன்.

ஜூலை 17

எழுத ஒன்னும் இல்லை.

ஆகஸ்ட் 2

அத்தை போன். அவரே எல்லாத்தையும் சொல்லிட்டாராம். மன்னிச்சிக்கம்மான்னு சொல்லிட்டு வைத்துவிட்டாங்க.

ஆகஸ்ட் 27 - செவ்வாய்

செயற்கைக் கால் மாட்ட சேலம் போகணும், நீதான் கூட வரணும்னு கேட்டார். போனேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தார். பதினோராவது அடியில் சிரித்தார். பழைய சிரிப்பு.

பஸ்ஸில் திரும்பும்போது, நைனார்பாளையத்துக்கு இறங்கற சின்னசேலத்தில் அத்தை ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தாங்க. பஸ் படியில நின்னபடி அவரைக் கைத்தாங்கலா இறக்கிவிட்டேன். என் கையை விடாமல், நீயும் இறங்கு செல்வின்னார். ஷெட்டில் ஒருத்தரோட எஞ்சின் பிரிச்சபடி கிடக்கு, நாளைக்குக் கொடுக்கணும்னு சொன்னேன்.

பொய்யில்லை. நிஜமாவே கிடக்கு. கள்ளக்குறிச்சிக்கு வந்துட்டேன்.