மாத்திரைச் சீட்டு இல்லாத ஐந்து பேர்

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
ஸ்டெம் செல் ஆய்வில் ஒன்பதாம் எண்காரர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு.

பொருள்: கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் ஸ்டெம் செல் சிகிச்சை பெற்றவர்களின் நீண்டகாலப் பாதுகாப்பு ஆய்வில், ஒரு வருடமும் தவறாமல் வந்த என்னைத் 'தொடர்பற்றவர்' என்று பதிந்திருப்பதைத் திருத்தவும், ஆய்வை இம்மாத இறுதியில் மூடாதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு வருடங்களுக்கு முன் என் கல்லீரல் கெட்டு, மருத்துவர்கள் கைவிரிக்கும் கட்டத்துக்கு வந்தபோது, என் அக்கா தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அத்துடன் அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களும் எனக்கு இரண்டு முறை ஏற்றப்பட்டன. மாற்று உறுப்பை உடம்பு எதிர்க்காமலிருக்க ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரைகளைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். மருத்துவர்களின் மேற்பார்வையில் எனக்குப் படிப்படியாகக் குறைத்து, நான்காம் வருட முடிவில் மாத்திரையே நிறுத்தப்பட்டது. அது அந்த செல்களால் நடந்ததா, என் உடம்பின் வாகா என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. லிஃப்ட் பழுதென்று கூப்பிடுகிறவர்களின் மாடிக்குப் படியேறித்தானே போக முடியும்? பதினான்கு மாடிவரை கருவிப் பையோடு ஏறுகிறேன் என்பதை மட்டும் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. வருடாந்திரப் பரிசோதனைக்குப் பதினோரு முறையும் வந்தேன். மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதும் வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனேன். முடிவு கைக்கு வந்ததும் அக்காவுக்குத்தான் முதல் போன். "என் சாமான் எப்படிடா இருக்கு?" என்று, இரவல் கொடுத்த பாத்திரத்தை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்.

3. சென்ற வாரம் காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவருக்கு மாற்று அறுவை முடிந்து, இதே சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். கையில் சம்மதப் படிவமும் நம் ஆய்வின் அறிக்கையும் இருந்தன. "பத்து வருஷம் தாண்டினவங்க யாராவது இருக்காங்களாண்ணா?" என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒன்பதாம் எண் நான்தான் என்றேன். அவர் அட்டவணையில் விரலை வைத்துத் தேடினார். என் எண்ணுக்கு நேரே 'தொடர்பற்றவர், நிலை தெரியவில்லை' என்று இருந்தது. "நீங்க இதுல இல்லையேண்ணா" என்று சொல்லி, படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கதை விடுகிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு மிகவும் அவமானமாகிவிட்டது.

4. நேரே ஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். அங்குள்ள எழுத்தர் பொறுமையானவர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. "மாத்திரை வாங்கினா மருந்தகத்துல சீட்டுல பாதி கிழிச்சு இங்க அனுப்புவாங்க. சீட்டு வந்தா நீங்க வந்தீங்கன்னு அர்த்தம். சீட்டே வரலைன்னா நான் எப்படி சார் எழுதுறது?" என்றார். மாத்திரை நின்ற பிறகு ஏழு வருடமாக என் சீட்டு போகவில்லை. என் இரத்த முடிவும் ஸ்கேனும் மேல்மாடியில் கல்லீரல் பிரிவுக் கோப்பிலேயே தங்கிவிட்டன. இப்படித் 'தொடர்பற்றவர்' ஆனவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். அவர்களில் பேக்கரி நடத்தும் அம்மாவும், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவரும் வருடாவருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். அவர்களுக்கும் மாத்திரை நிறுத்தியாகிவிட்டது. ஐவரின் நிலை தெரியாததால் நீண்டகாலப் பாதுகாப்பு பற்றி எதுவும் கூற இயலாது, எனவே ஆய்வை மூடலாம் என்று அறிக்கை முடிகிறது. மாத்திரை தேவைப்படாத அளவுக்குத் தேறியவர்களைத்தான், ஐயா, இந்த ஆய்வு தொலைத்திருக்கிறது.

5. ஒழுங்காக ஓடும் லிஃப்டுக்கும் மாதாமாதம் கயிறும் பிரேக்கும் பார்த்து ஏட்டில் கையெழுத்திடுவது என் தொழில். புகார் வரவில்லை என்று பார்க்காமல் விட்ட லிஃப்டில் என் வீட்டாரை ஏற்ற மாட்டேன். உள்ளே போன செல்கள் இருபது வருடம் கழித்துக் கட்டியாக மாறுமா என்பது இன்னும் தெரியாது என்று சம்மதப் படிவத்திலேயே இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். என் பங்குக்கு நான் வந்துகொண்டே இருக்கிறேன், தாங்கள் பார்ப்பதை நிறுத்தலாகாது.

6. ஆகவே, கல்லீரல் பிரிவுக் கோப்புகளைக் கொண்டு ஐவரின் நிலையையும் சரிபார்த்துப் பதியவும், இனி வருகையை மாத்திரைச் சீட்டை வைத்தல்லாமல் இரத்தப் பரிசோதனையை வைத்துக் குறிக்கவும், ஆய்வைத் தொடரவும் ஆணையிட வேண்டுகிறேன். அந்த அம்மாவின் கணவர் வரும் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். திருத்திய அறிக்கை அதற்குள் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

7. நான் நன்றாக இருக்கிறேன் என்று பறைசாற்றிக்கொள்ள இம்மனுவை எழுதவில்லை. நாளை ஒரு ஸ்கேனில் எனக்குக் கெட்டது ஏதாவது தெரியவந்தால், அதையும் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே அப்படியே எழுதுங்கள். அதைப் படித்து, இந்தச் சிகிச்சை வேண்டாமென்று யாரோ ஒருவர் முடிவெடுத்தால், அப்போதும் எனக்குப் பெருமைதான்.

இணைப்பு: பதினோரு வருடப் பரிசோதனை முடிவுகளின் நகல்கள்.

தேதி: மார்ச் 12
இடம்: புறநோயாளர் காத்திருப்புக் கூடம், இரண்டாம் மாடி

இம்மனுவை நேரில் வந்து கொடுக்கும்,
(கையொப்பம்)
ஒன்பதாம் எண்