யதுஷா பாதியில் நிறுத்திய சொல்

என் செல்லச் சுதா,

நீ போய் எட்டு மாதமாகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. உன் மகள் யதுஷா இப்போது என்னோடுதான், வெள்ளவத்தை பிளாட்டில். இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளைப் பற்றி நல்ல செய்தியாக எழுதத்தான் ஆசை. ஆனால் நான் ஒரு பிழை செய்துவிட்டேன்.

அவள் எழுதுவதைப் பார்த்திருக்கிறாய்தானே? 'பட்' என்று எழுதி நிறுத்துவாள். உதடு அசையும். பிறகுதான் 'டம்' வரும். ஒவ்வொரு துண்டுக்கும் பென்சில் தாளை விட்டு எழும். நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். வேலையால் களைத்து வரும் எனக்கு அது சோம்பலாகத் தெரிந்தது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வீட்டுவேலை, 'என் அம்மா' பற்றி ஐந்து வசனம். 'என் அம்' வரை எழுதினாள். நின்றுவிட்டாள்.

"ஏன் நிக்கிறாய்? எழுது."

"மற்றது வருகுதில்லை, பெரியம்மா."

"உனக்குத் தெரியாத சொல்லே இது?"

நான் அவள் கையைப் பிடித்து, பென்சிலை அழுத்தி, 'மா'வை இழுத்தேன். தாள் கிழிந்தது. அவள் அழவில்லை, சுதா. கையை மெதுவாக விடுவித்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு எதையுமே எழுதவில்லை. தன் பெயரைக்கூட.

வகுப்பு டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த வயசுப் பிள்ளைகள் சொல்லை உடைச்சு உடைச்சுத்தான் எழுதுவினம்" என்றார் அவர். "அடுத்த துண்டை மனசுக்குள்ள சொல்லிப் பார்த்த பிறகுதான் கை போகும். நிக்கிறது பிழையில்லை. நீங்கள் அவசரப்படுத்தினீங்களோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த இடைவெளியில் அவள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்? உன் குரலையா? நான் ஏன் கொஞ்சம் பொறுக்கவில்லை?

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றாள், பெரிய மனுசி மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் எழுதும் கொப்பி வெறுமையாகவே கிடக்கிறது. இனி எழுதுவாளா? எனக்கு நம்பிக்கை இல்லையடி.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்றைக்காவது அவள் எழுதத் தொடங்கி நடுவில் நின்றால், எவ்வளவு நேரமானாலும் நான் வாய் திறக்கமாட்டேன். மிச்சத்தை அவளே எழுதட்டும். வராவிட்டால், பாதியாகவே இருக்கட்டும்.

உன் பிள்ளையிடம் தோற்றுப்போன
உன் அக்கா