காலைத் தொடாதே, தேவி

பிப்ரவரி 4
இன்றும் தேவிதான் கால் கழுவிவிட்டாள். இடது காலில் யானைக்கால் வந்த இத்தனை வருஷத்தில் என் மகன் ஹேமந்த்கூட அதைத் தொட்டதில்லை. மதுராந்தகத்திலிருந்து வந்த மருமகள், ஐந்து மாத வயிற்றோடு உட்கார்ந்து சோப்புப் போட்டு, விரலிடுக்கைத் துடைத்து, வெடிப்பில் ரத்தம் கசிந்தால் மருந்தும் வைக்கிறாள். எனக்குத்தான் கூச்சம்.

பிப்ரவரி 7
செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் யானைக்கால்காரர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரலையும் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். காலைத் தவிர எனக்கென்ன கேடு?

பிப்ரவரி 20
கேடுதான். மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகையாம். சாதாரண டெஸ்டில் இல்லை என்று வந்து, பெரிய டெஸ்டில்தான் அகப்பட்டதாம். அசதி, காய்ச்சல் எது வந்தாலும் கால்தான் என்று நானே முடிவுகட்டிக் கிடந்தேன். அது பாட்டுக்கு உள்ளே ஒளிந்துகொண்டு கல்லீரலை இறுகவைத்திருக்கிறது. மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் பட்டால் ஒட்டுமாம், வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுக்கணுமாம்.

ரத்தம் பட்டால் — தேவி கையில் எத்தனை தடவை பட்டிருக்கும்? வயிற்றில் இருக்கிறதே, அது?

பிப்ரவரி 21
கால் கழுவ வந்தவளை வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. இருக்கிற கால் போதாதென்று இது வேறு.

பிப்ரவரி 24
மறுபடியும் பேசினோடு வந்தாள். "போடி அந்தாண்ட, தொடாத" என்று கத்திவிட்டேன். பேசின் கவிழ்ந்து தண்ணீரெல்லாம் கொட்டியது. உள்ளே போய் அவள் அம்மாவுக்கு போன் போட்டு அழுதாள். நான் தொட்டா அத்தைக்குப் புடிக்கலம்மா என்றாள்.

அடிப்பாவி, உனக்காகத்தான்டி. நான் இன்னா பண்ணுவேன்? சொன்னாலும் பேஜாரு, சொல்லாட்டியும் பேஜாரு.

பிப்ரவரி 26
சொல்லிவிட்டேன். தேவி வயிற்றில் கைவைத்தபடி நின்றாள். ஹேமந்த் கம்பெனிக்கு லீவு சொன்னான். இரண்டு பேரும் செங்கல்பட்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மார்ச் 1
ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 5
தேவிக்கு இல்லை. இன்றே தடுப்பூசி ஆரம்பித்துவிட்டார்கள். பிறந்ததும் குழந்தைக்கும் போடுவார்களாம். சாமியெல்லாம் கும்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த பேப்பரைப் பிரித்தார்கள்.

ஹேமந்துக்கு இருக்கிறது.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்; ஹேமந்த் காதில் விழும் தூரத்தில் கதவுக்கு வெளியேதான் நின்றான். "ஜோதிலட்சுமிம்மா, அவர் பொறந்தப்பவே உங்ககிட்டேருந்து போயிருக்கணும். உங்களுக்கே தெரியாது, நீங்க என்ன செய்வீங்க?"

அதுதான். என்ன செய்வேன்? மருமகளைக் காப்பாற்றுகிறேன் என்று காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்குப் பெறும்போதே கொடுத்திருக்கிறேன். இப்போது எதை இழுத்துக்கொள்வது?

மார்ச் 9
தேவி கையுறை மாட்டிக்கொண்டு கால் கழுவினாள். நான் காலை இழுக்கவில்லை.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஹேமந்துக்கு அது எப்படி வந்ததாம் என்று தேவி கேட்டாள். ஹேமந்த் தலை நிமிரவில்லை.

"கல்யாணத்துக்கு மின்ன ஒரு டாக்டர்கிட்ட பல்லு புடுங்கிக்கினேன். அங்கதான் ஊசி சரியில்ல."

தேவி அவன் வாயையே பார்த்தாள். அப்புறம், இருக்கும் இருக்கும் என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவன் வாயில் ஒரு பல்கூடக் குறையவில்லை. அது அவளுக்கும் தெரியும்.