வேலிக்கு அப்பால் விளைந்த பழம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே மூச்சுக்கு மூச்சு நினைப்பு.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது, நம் இயற்கை வாழை விவசாயிகள் சங்கத்துக் கொட்டகையில் பதிவேடு எழுதும் பெண். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசுவேன். அதனால்தான் கடிதம்.

உன் கடிதத்தை இந்தப் பெண் மூன்று தடவை படித்துக் காட்டினாள். இரண்டு மாதமாகத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்த மசக்கைக்காரி, நம் பாப்பா, ஒரு வாழைப்பழம் தின்றாள், அது உள்ளேயே நின்றது என்ற இடம் வந்ததும், போதும் நிறுத்தும்மா என்றேன். வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்தப் பழத்தின் ஸ்டிக்கரை மாப்பிள்ளை போன் கேமராவில் காட்டியதும் நம் சங்கத்தின் பெயர், நம் தோட்டத்து எண், பெட்டியில் அடைத்த தேதி எல்லாம் வந்ததாம். நகத்தளவு காகிதம்! கடல் தாண்டிப் போயும் தான் பிறந்த மண்ணைக் காட்டிக் கொடுக்கிறதே. உங்க கையால வெட்டுன பழம்தாங்க புள்ளையக் காப்பாத்துது என்று எழுதியிருந்தாய்.

அங்கே டாக்டரம்மா சொன்னதாக நீ எழுதிய பொட்டாசியம் என்ன என்று இந்தப் பெண்ணைக் கேட்டேன். வாந்தியோடு உடம்பை விட்டுப் போகிற ஓர் உப்பாம். நெஞ்சு ஒழுங்காகத் துடிக்க அது வேண்டுமாம். அப்படியானால் மருந்தடித்த பழத்தில் அது இருக்காதே என்று பெருமையாகக் கேட்டேன். அட போங்க தாத்தா, சத்து ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், நாம எதைப் போடலைங்கிறதுதான் வித்தியாசம் என்றாள். சங்கத் தலைவர் காதில் விழாமல் பார்த்துக்கொள் என்றேன். இருந்தாலும் யோசித்துப் பார். சாணியும் சாம்பலும் போட்ட மண்ணிலிருந்து ஓர் உப்பு வேர் வழியாக ஏறி, இருபது நாள் கப்பலில் போய், என் மகளின் நெஞ்சைத் தட்டிக் கொடுக்கிறது. எழுபத்தாறு வயதுக்குப் பிறகு இதைத் தெரிந்துகொண்டேன்.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொள். அது நம் தோட்டத்துப் பழம் இல்லை.

தேதியை இவள் படித்தபோதே எனக்கு உறைத்தது. நீ பாப்பாவிடம் புறப்பட்டுப் போன பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, காற்றில் நம் பதினேழு தாரும் முற்றாமலே சாய்ந்தன. அந்த வெள்ளிக்கிழமை கொட்டகைக்கு வெறுங்கையோடு போனேன். அன்று ஒன்பது பெட்டி கொடுத்தது வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணன், நாம் பேச்சை விட்ட என் கூடப்பிறந்தவர். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன், காதுதான் எண்ணிக்கொண்டிருந்தது. பதிவேட்டுல உங்க பேருதான் இருக்கு தாத்தா என்று இவள் சாதித்தாள். அண்ணனுடைய பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை காலியாக இருந்தது. எங்கள் இருவருக்கும் அப்பா பெயர் ஒன்றுதானே. அப்போது புதிதாக வந்த இந்தப் பெண் அதைப் பார்த்து மாற்றி எழுதிவிட்டாள். இப்போது திருத்திவிட்டாள். இந்த வரியை எழுத மட்டும் அவள் கை ஓட மாட்டேன் என்கிறது.

நான் செய்த தப்பையும் எழுதச் சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன், நாம் இயற்கை விவசாயத்துக்கு மாறாத காலத்தில், நான் அடித்த பூச்சிமருந்துதான் வேலி தாண்டி அண்ணன் வாழையில் விழுந்தது. பரிசோதனையில் தெரிந்து அவருடைய இயற்கை விவசாயச் சான்றிதழ் போனது. மூன்று வருடம் பாடுபட்டு அந்த மண்ணை மறுபடி சுத்தமாக்கினார். சங்கக் கூட்டத்தில் அவர் நம்மைத் திட்டியதைத்தான் நீயும் நானும் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஏன் திட்டினார் என்பதைச் சொன்னதில்லை. அந்த மண்ணில் விளைந்ததுதான் நம் பிள்ளையின் வயிற்றில் நின்றிருக்கிறது.

நேற்றுக் காலை வேலியோரம் போனேன். அண்ணன் காய்ந்த இலை அறுத்துக்கொண்டிருந்தார். அண்ணே, பாப்பா சாப்பிடுறது உங்க பழம்தான் என்றேன். திரும்பவில்லை. இன்னும் இரண்டு இலை அறுத்தார். பிறகு, வாந்தி நின்னுச்சா என்று கேட்டார்.

வாந்தி என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனிதர். அந்த மருந்துக்காக அவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. பழம் மட்டும் தங்குதுண்ணே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலை எனக்கு முன்பே அவர் வேலியில் நின்றார். இன்னைக்குப் புள்ள என்ன சாப்பிட்டா என்றார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்றேண்ணே என்றேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. பாப்பா என்ன சாப்பிட்டாள், தங்கியதா என்று தினமும் ஒரு வரி இந்தப் பெண்ணின் போனுக்கு அனுப்பச் சொல் மாப்பிள்ளையிடம். அது யார் தோட்டத்துப் பழம் என்பதைப் பாப்பாவிடம் நீயே உன் வாயால் சொல். உனக்குக் கஷ்டம்தான், தெரியும்.

பாப்பாவும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். இது என் ஆசி. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஓர் ஆசி இருக்கிறது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்து அனுப்புகிறேன்.

கைநாட்டுடன்,
பாப்பாவின் அப்பா