மேலிதழில் புள்ளி

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் மொட்டை மாடி இனி மொட்டை இல்லை, மொட்டு மாடி! நீங்கள் வீட்டை விட்டுப் போகும் முன் உங்கள் செடியின் மகரந்தத்தை அம்மாவின் செடியில் வைத்துக் கலந்தீர்களே, அந்த விதையில் முளைத்த செருப்பு ஆர்க்கிட் முதன்முதலாக மொட்டு விட்டிருக்கிறது. இந்த வகைப் பூவில் ஒரே ஒரு இதழ்தான் செருப்பு மாதிரி இருக்கும், ஒற்றைச் செருப்பு. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர்களோ?

"எழுது, எழுது. பூவுக்காவது வர்றாரான்னு பாப்போம்" என்கிறாள் அம்மா. வருவீர்கள்தானே?

உங்கள்
வாலு

மார்ச் 14

அன்புள்ள வாலு,

கலப்புப் பூவில் என்னைப் போன்ற மலர்க் கண்காட்சி நடுவர்கள் முதலில் தேடுவது எது தாயிடமிருந்து வந்தது, எது தந்தையிடமிருந்து வந்தது என்பதைத்தான். அம்மாவின் செடிக்கு மேலிதழ் வெறும் பச்சை, பக்க இதழ்கள் தொங்கும். என் செடிக்கு மேலிதழில் கரும்புள்ளிகள், பக்க இதழ்கள் நிமிர்ந்து நிற்கும். புள்ளி இறங்கியிருந்தால் எழுது, வருகிறேன். இல்லையென்றால் அலைச்சல்தான் மிச்சம்.

அப்பா

மார்ச் 29

அன்புள்ள நடுவர் அவர்களுக்கு,

பூத்துவிட்டது! புள்ளியா கேட்டீர்கள்? கோலமே போடலாம்! இத்துடன் படம் வைத்திருக்கிறேன். அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஆயிரம் வேலை. பூதான் ஏங்கிவிடும்.

வாலு

ஏப்ரல் 6

அன்புள்ள வாலு,

படத்தை நடுவர்கள் அறையில் காட்டினேன். தந்தைச் செடியின் குணம் இவ்வளவு சுத்தமாக இறங்குவது அபூர்வம் என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். கலந்தவன் நான் என்பதால் பெயர் வைக்கும் உரிமையும் எனக்கு. இங்கே எனக்குப் பிறந்திருக்கும் உன் தங்கைப் பாப்பாவின் பெயரையே வைத்துப் பதிவுக்கு அனுப்பிவிட்டேன். படமே எல்லாம் சொல்லிவிட்டதால் நேரில் வரத் தேவைப்படவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அப்பா

ஏப்ரல் 11

அப்பா,

படம் அவ்வளவு நன்றாக வந்ததுதான் தப்பாகப் போயிற்று.

அந்தப் புள்ளிகள் நான் வைத்தவை. அம்மாவின் கண்மை, ஈர்க்குச்சி நுனி. பக்க இதழ்களைப் பின்னால் நூல் கட்டித் தூக்கினேன். அவிழ்த்ததும் தொங்கிவிட்டன. பூ முழுக்க அம்மாதான். தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், உங்கள் ஜாடை எங்கேயும் இல்லை.

அம்மா கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்தாள், மேலிதழ் கிழிந்துவிட்டது. "இதுக்காடா இவ்வளவு பாடுபட்ட?" என்று மட்டும் கேட்டாள். பாப்பா பெயரை அவளிடம் நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தை வாங்கிக் கிழித்துவிடுங்கள். நடுவர்கள் முன் உங்களுக்குத்தான் அசிங்கம்.

அப்புறம், வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதினேனே. அதுவும் கண்மைதான்.

வாலு